சிஸ்டம் இமேஜிலிருந்து ஒரு ஃபைலை மட்டும் எடுக்க: எந்தத் தடங்கலுக்கு என்ன வழி

பழைய கணினி போய்விட்டது, அதன் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸோடு சேர்த்து டிஸ்கை அப்படியே படியெடுத்த பேக்கப்) மட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. வேண்டியது ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு டேலி கம்பெனி, கொஞ்சம் குடும்பப் படங்கள். இதற்காக இமேஜ் ரீஸ்டோர் பட்டன் பக்கம் போக வேண்டாம். அது புதுக் கணினியில் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு முழு டிஸ்கையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். இமேஜை ஒரு டிரைவ் போலத் திறந்து, வேண்டியதைக் காப்பி செய்துவிட்டு மூடினால் போதும். திறக்கப் போகும்போதுதான் ஒவ்வொரு தடங்கலாக வரும். அவற்றில் பெரும்பாலானவை இமேஜ் கெட்டுப்போனதால் வருபவை இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நாம் செய்யும் ‘ரிப்பேர்’தான் பல நேரம் அதைக் கெடுக்கிறது.

இங்கே முதன்மையாகப் பேசுவது விண்டோஸ் 10, 11 கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரில் இருக்கும் வசதி எடுக்கும் இமேஜைப் பற்றி. 2017-இல் வந்த 1709 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் இன்றும் பல அலமாரிகளில் தூங்கும் டிஸ்குகளில் இருப்பது இதுதான். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் நடப்பது

வெளி டிஸ்கின் மேல் அடுக்கில் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பழைய கணினியின் பெயரில் ஒன்று. அதற்குள் ‘பேக்கப்’ என்று தொடங்கி, தேதியும் ஆறு இலக்க நேரமும் கொண்ட இன்னொன்று. அந்த நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின். 133005 என்று இருந்தால் நம் கடிகாரப்படி மாலை 7 மணி 5 விநாடி. விடியற்காலை ஐந்தரைக்கு முன் எடுத்த பேக்கப் முந்தைய நாள் தேதியில் நிற்கும். ‘அன்று நான் பேக்கப் எடுக்கவே இல்லையே’ என்று குழம்ப வேண்டாம்.

உள்ளே பல எக்ஸ்எம்எல் ஃபைல்களும், நீண்ட எண்ணெழுத்துப் பெயர்களோடு சில விஎச்டிஎக்ஸ் ஃபைல்களும் (ஒரு டிஸ்கையே உள்ளே வைத்திருக்கும் ஃபைல் வகை) இருக்கும். விண்டோஸ் 7 எடுத்த இமேஜ் என்றால் விஎச்டி. ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு ஃபைல். சில பத்து எம்பி அளவில் இருப்பது பூட் பார்ட்டிஷன், சில நூறு எம்பி இருப்பது ரிகவரி பார்ட்டிஷன். உங்கள் ஃபைல்கள் இருப்பது எல்லாவற்றிலும் பெரியதில்.

விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறக்கவும். ‘ஆக்‌ஷன்’ மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’. அந்தப் பெரிய ஃபைலைத் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கும் ‘ரீட்-ஒன்லி’ கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுக்கவும். புது டிரைவ் எழுத்து ஒன்று வரும். ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் போய் வேண்டியதைக் காப்பி செய்யலாம்.

அந்த டிக்கை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 8 முதல் விஎச்டிஎக்ஸ் மீது டபுள் கிளிக் செய்தாலே திறந்துவிடும் என்பதால் பலரும் அப்படியே திறக்கிறார்கள். அப்படித் திறந்தால் எழுதும் அனுமதியோடு திறக்கிறது. நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. ரீசைக்கிள் பின் ஃபோல்டர் போடும், ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ எழுதும். கையில் இருக்கும் ஒரே பிரதியில் இதெல்லாம் நடக்க வேண்டாம்.

‘இந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை’ என்கிறது

வெளி ஃபோல்டரிலேயே இது வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இமேஜ் ஃபோல்டரின் அனுமதி அட்மினிஸ்ட்ரேட்டர் குழு போன்ற சிலருக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கும். ‘கன்டினியூ’ அழுத்தினால் உங்கள் கணக்கும் அதில் சேரும். கணினிப் பெயர் ஃபோல்டரில் மறுபடி கேட்கலாம், அங்கும் அதையே செய்யவும். இதை முதலில் எக்ஸ்ப்ளோரரில் முடித்துவிட்டுத்தான் அட்டாச் விஎச்டிக்குப் போக வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியில் இருந்தபடி அனுமதி வாங்குவது சிரமம்.

திறந்த இமேஜுக்குள், பழைய யூசர் ஃபோல்டரில் இதே செய்தி வந்தால் கதை வேறு. அங்கே அனுமதிகள் பழைய விண்டோஸின் கணக்கு எண்களில் எழுதப்பட்டவை. புதுக் கணினியிலும் உங்கள் பெயர் அதேதான் என்றாலும் விண்டோஸுக்கு நீங்கள் வேறு ஆள். ‘கன்டினியூ’ அழுத்தினாலும் பயன் இருக்காது. அது அனுமதியை டிஸ்கில் எழுதப் பார்க்கும். நாமோ ரீட்-ஒன்லியாகத் திறந்திருக்கிறோம். இந்த இடத்தில் வெறுத்துப்போய் ரீட்-ஒன்லியை எடுத்துவிட்டு, முழு டிரைவுக்கும் ‘டேக் ஓனர்ஷிப்’ (எல்லா ஃபைல்களின் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றுவது) போடுபவர்கள் உண்டு. அதன்பின் அந்த இமேஜிலிருந்து முழு ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், அனுமதிகள் குலைந்த ஒரு விண்டோஸ்தான் கிடைக்கும்.

இதற்குச் சரியான கருவி ரோபோகாப்பி. கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகத் திறந்து, ரோபோகாப்பி என்று அடித்து, எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு பாதைகளையும் மேற்கோளுக்குள் கொடுத்து, கடைசியில் இவற்றைச் சேர்க்கவும்:

/இ /பி /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

இ என்பது உள் ஃபோல்டர்களையும் சேர்க்க. பி என்பது பேக்கப் முறை: பேக்கப் மென்பொருள்களுக்கு என்று விண்டோஸ் வைத்திருக்கும் உரிமையைப் பயன்படுத்தி, அனுமதிப் பட்டியலைப் பார்க்காமலே படிக்கும். இமேஜில் ஒரு பைட்டும் மாறாது. ரோபோகாப்பி வழக்கமாக அனுமதிகளைக் கூடவே காப்பி செய்வதில்லை என்பதால், போய்ச் சேர்ந்த ஃபைல்கள் புது இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். நீங்கள் சாதாரணமாகத் திறக்கலாம். ஆரும் டபிள்யூவும் போடாவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டு 30 விநாடிக்கு ஒருமுறை, பத்து லட்சம் தடவை முயலும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. இரவு ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் அதே ஃபைலில் நின்றுகொண்டிருக்கும்.

எக்ஸ்ஜே எதற்கு என்பதற்குத் தனியாகவே ஒரு தலைப்பு வேண்டும்.

பழைய இமேஜைத் திறந்தால் புதுக் கணினியின் ஃபைல்கள் தெரிகின்றன

திறந்த இமேஜின் மேல் அடுக்கில், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லியிருந்தால், ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்று ஒன்று தெரியும். அது ஃபோல்டர் இல்லை, சுட்டி. எக்ஸ்பி காலத்து மென்பொருள்களுக்காக விஸ்டா முதல் வைத்திருக்கும் ஏற்பாடு. அது காட்டும் இடம் ‘சி: யூசர்ஸ்’ என்று முழுப் பாதையாக எழுதப்பட்டிருக்கும். இமேஜ் இப்போது ஜி டிரைவாகத் திறந்திருந்தாலும் சுட்டி போவது சி டிரைவுக்குத்தான். அதாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் யூசர்ஸுக்கு. அந்த வழியே போய்ப் பார்த்துவிட்டு ‘என் ஃபைல் பேக்கப்பில் இல்லை’ என்று முடிவு கட்டினால் அது தவறான முடிவு. அங்கே போய் எதையாவது டிலீட் செய்தால் போவது உயிரோடு இருக்கும் ஃபைல்.

யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மை டாக்குமென்ட்ஸ்’, ‘அப்ளிகேஷன் டேட்டா’, ‘லோக்கல் செட்டிங்ஸ்’ போன்றவையும் இதே இனம். ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘லோக்கல்’, அதற்குள் இருக்கும் ‘அப்ளிகேஷன் டேட்டா’ அந்த ‘லோக்கல்’ ஃபோல்டரையே சுட்டும். அதற்குள் போகும் காப்பி, பாதை நீண்டு நீண்டு முடிவில்லாமல் சுற்றும். எக்ஸ்ஜே சுவிட்ச் இந்தச் சுட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிடும். எக்ஸ்ப்ளோரரில் பார்க்கும்போது ஐகான்மேல் சின்ன அம்புக்குறி இருந்தால் அது சுட்டி, தொடாமல் விடவும்.

காப்பி முடிந்தது என்கிறது, போன இடத்தில் ஃபோல்டரே இல்லை

டிரைவின் மேல் அடுக்கையே மூலமாகக் கொடுத்தால் ரோபோகாப்பி அதன் ‘மறைந்தது’, ‘சிஸ்டம்’ என்ற பண்புகளையும் போகும் ஃபோல்டருக்கு ஒட்டிவிடும். ஃபோல்டர் அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அட்ரிப் கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் எஸ் கொடுத்து ஃபோல்டரின் பாதையை எழுதினால் வெளியே வரும். அடுத்த முறை ரோபோகாப்பியிலேயே ‘/ஏ-:எஸ்எச்’ சேர்த்துவிடலாம்.

‘ஃபைலை மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்கிறது

மவுண்ட் என்பது இமேஜை டிரைவாகத் திறப்பதுதான். செய்தியை முழுவதும் படியுங்கள். ‘கம்ப்ரெஸ் செய்யப்படாமலும், என்கிரிப்ட் செய்யப்படாமலும், ஸ்பார்ஸாக இல்லாமலும் இருக்க வேண்டும்’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால் இமேஜ் நன்றாக இருக்கிறது. அது கிடக்கும் விதம்தான் விண்டோஸுக்குப் பிடிக்கவில்லை.

இடம் மிச்சப்படுத்த யாராவது அந்த டிஸ்கை என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) கம்ப்ரெஷனில் போட்டிருக்கலாம். ஃபைலின் ‘ப்ராப்பர்டீஸ்’, ‘அட்வான்ஸ்டு’ போய் அந்த டிக்கை எடுக்கவும். ஸ்பார்ஸ் என்பது வெற்றுப் பகுதிகளுக்கு டிஸ்கில் இடம் ஒதுக்காமல் வைத்திருக்கும் முறை. நெட்வொர்க் பெட்டியில், அதாவது உள்ளே லினக்ஸும் சாம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருளும் ஓடும் நாஸில் வைத்திருக்கும் இமேஜ்களிலும், கேமு-ஐஎம்ஜி என்ற கருவி கொண்டு வேறு வடிவத்திலிருந்து மாற்றிய விஎச்டிஎக்ஸ்களிலும் இது அடிக்கடி வரும். ‘எஃப்எஸ்யூட்டில் ஸ்பார்ஸ் குவெரிஃப்ளாக்’ என்று அடித்து ஃபைலின் பாதையைக் கொடுத்தால் ஸ்பார்ஸா இல்லையா என்று சொல்லும். ஆம் என்றால் ‘எஃப்எஸ்யூட்டில் ஸ்பார்ஸ் செட்ஃப்ளாக்’, பாதை, கடைசியில் 0. இடம் இருந்தால் இன்னும் நிம்மதியான வழி, இமேஜ் ஃபைலை கணினியிலேயே இருக்கும் ஒரு சாதாரண என்டிஎஃப்எஸ் டிரைவுக்குக் காப்பி செய்து, அந்தப் பிரதியைத் திறப்பது. மேலே சொன்னவற்றில் பாதித் தொல்லை அதோடு தீர்ந்துவிடும்.

விண்டோஸ் 7 கணினியில் விஎச்டிஎக்ஸைத் திறக்க முயன்றால் நடக்காது. அதற்கு விஎச்டி மட்டும்தான் தெரியும். பவர்ஷெல்லில் ‘மவுண்ட்-விஎச்டி’ அடித்து ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வந்தால், அது ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் கணினி வசதியோடு வரும் கட்டளை. ‘மவுண்ட்-டிஸ்க்இமேஜ்’ விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் உண்டு. கூடவே ‘-ஆக்சஸ் ரீட்ஒன்லி’ சேர்க்கவும்.

மவுண்ட் ஆகாமல் வேறெதுவும் பலிக்காவிட்டால் 7-ஜிப்பின் புதிய பதிப்பில் அந்த விஎச்டிஎக்ஸைத் திறந்து பாருங்கள். விண்டோஸின் மவுண்ட் ஏற்பாட்டைத் தொடாமல் ஃபைலை அதுவே படித்து, உள்ளே இருக்கும் என்டிஎஃப்எஸ்ஸைக் காட்டும். அனுமதிப் பட்டியல்களையும் அது கண்டுகொள்வதில்லை. இரண்டு மூன்று ஃபைல்தான் வேண்டும் என்றால் ரோபோகாப்பியைவிட இதுவே சுலபம்.

மவுண்ட் ஆனது, டிரைவ் எழுத்து வரவில்லை

டிஸ்க் மேனேஜ்மென்டில் கீழ்ப் பாதியைப் பாருங்கள். வெளிர் நீல ஐகானோடு ஒரு டிஸ்க் சேர்ந்திருக்கும். பார்ட்டிஷன் தெரிகிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் அதில் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ மூலம் ஒன்றைக் கொடுக்கவும்.

டிஸ்க் ‘ஆஃப்லைன்’ என்று இருந்து, காரணமாக ‘சிக்னேச்சர் மோதல்’ என்று சொன்னால் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் அடையாள எண் உண்டு. டிஸ்க்2விஎச்டி போன்ற கருவிகளால் முழு டிஸ்கையும் படம் பிடித்து, அதே கணினியில் திறந்தால், ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்குகள் வந்து நிற்கும். ‘ஆன்லைன்’ கொடுத்தால் விண்டோஸ் இமேஜுக்குப் புது எண் எழுதிவிடும். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இமேஜ் இனி பூட் ஆகாமல் போகலாம், ஏனென்றால் பூட் பதிவுகள் பழைய எண்ணைத்தான் தேடும்.

இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இமேஜுக்கு ஒரு ‘குழந்தை டிஸ்க்’ உருவாக்குவது. அட்மினிஸ்ட்ரேட்டராக டிஸ்க்பார்ட் திறந்து, ‘கிரியேட் விடிஸ்க்’ என்று அடித்து, ‘ஃபைல்=’ என்பதற்குப் பின் வேறு டிரைவில் ஒரு புதுப் பெயர், ‘பேரன்ட்=’ என்பதற்குப் பின் இமேஜின் பாதை. பேரன்ட் விஎச்டிஎக்ஸ் என்றால் குழந்தையும் விஎச்டிஎக்ஸ்தான். பின் ‘செலக்ட் விடிஸ்க்’ கொடுத்துக் குழந்தையைத் தேர்ந்தெடுத்து ‘அட்டாச் விடிஸ்க்’. இப்போது நீங்கள் பார்ப்பது முழு இமேஜ். எழுதுவதெல்லாம் குழந்தையில் போகும், மூலம் அப்படியே இருக்கும். சிக்னேச்சர் மாறட்டும், டேக் ஓனர்ஷிப் போடுங்கள், செக்டிஸ்க்கூட ஓட்டுங்கள்; வேலை முடிந்ததும் டிடாச் செய்து குழந்தை ஃபைலை அழித்துவிடலாம். ‘ஃபைல் அல்லது ஃபோல்டர் கெட்டிருக்கிறது, படிக்க இயலவில்லை’ என்று வரும்போதும் இதுவே வழி. மூல இமேஜில் நேரடியாக செக்டிஸ்க் ஓட்டக்கூடாது. அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கும் கருவி; உங்கள் ஃபைலைக் காப்பாற்ற வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை.

‘டிஸ்கை ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் வேண்டாம்.

முதலில், திறந்தது சரியான ஃபைல்தானா என்று பாருங்கள். சின்ன விஎச்டிஎக்ஸைத் திறந்திருந்தால் அங்கே உங்களுக்கு ஒன்றும் இல்லை. சரியானதுதான், ஆனாலும் ‘ரா’ (ஃபைல் சிஸ்டம் அடையாளம் தெரியவில்லை) என்று காட்டுகிறது என்றால், முழு டிரைவையும் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த சிஸ்டம் இமேஜில் பிட்லாக்கர் பூட்டு இருக்காது. டிரைவ் திறந்த நிலையில் படித்து எழுதியதால் உள்ளே இருப்பதெல்லாம் வெறும் ஃபைல்கள். பேக்கப் டிஸ்கையும் தனியாகப் பூட்டியிருந்தால் ஒழிய, அதைக் கையில் எடுத்தவர் யாரும் படிக்கலாம். பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். மாறாக, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடி, டிடிரெஸ்க்யூ என்ற காப்பிக் கருவிகள் மூலம் செக்டர் செக்டராக எடுத்த இமேஜ் பூட்டோடேயே வரும். அதைத் திறக்க 48 இலக்க ரிகவரி கீ வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து சாதனங்கள் பகுதியில் பார்த்தால் பெரும்பாலும் அது கிடைக்கும். அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். லினக்ஸில் கிரிப்ட்செட்டப் என்ற கருவிக்கு 2.3 பதிப்பு முதல் பிட்லாக்கரைத் திறக்கத் தெரியும். கீ இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் முடியாது. முடியும் என்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபைல் தெரிகிறது, திறக்கவில்லை

‘கிளவுட் ஃபைல் ப்ரொவைடர் ஓடவில்லை’ என்று வந்தால் அது ஒன்டிரைவ். ஃபைலின் ப்ராப்பர்டீஸில் அளவு 4 எம்பி என்று காட்டும், ‘சைஸ் ஆன் டிஸ்க்’ 0 என்று இருக்கும். பேக்கப் எடுத்த நாளில் அந்த ஃபைல் உங்கள் கணினியில் இல்லை, அதன் பெயர்ப்பலகைதான் இருந்தது. இமேஜிலும் அந்தப் பலகைதான் வந்திருக்கிறது. ஒன்டிரைவ் வலைதளத்தில் உள்நுழைந்துதான் எடுக்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் தன்னிடம் எடுத்துக்கொண்டிருந்தால், யூசர் ஃபோல்டருக்கு நேர்கீழே இருக்கும் ‘டெஸ்க்டாப்’ காலியாகவும், ‘ஒன்டிரைவ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டெஸ்க்டாப்’ நிறைந்தும் இருக்கும். இரண்டையும் பார்க்கவும்.

ஐகான்மேல் பூட்டுக்குறி இருந்து, காப்பிகூட மறுக்கப்பட்டால் அது இஎஃப்எஸ், ஃபைலைப் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டும் என்கிரிப்ஷன். பழைய கணக்கின் சர்டிஃபிகேட் வேண்டும். முன்பு ஏற்றுமதி செய்து வைத்த பிஎஃப்எக்ஸ் ஃபைல் இருந்தால் புதுக் கணினியில் இறக்கினால் போதும். இல்லையென்றால், இமேஜை வேறொரு டிஸ்கிலோ மெய்நிகர் கணினியிலோ முழுதாக ரீஸ்டோர் செய்து, பழைய பாஸ்வேர்டோடு உள்நுழைந்து, அங்கிருந்து வெளியே எடுக்க வேண்டும். இந்த ஓரிடத்தில்தான் முழு ரீஸ்டோர் தேவைப்படுகிறது.

விண்டோஸ் சர்வரிலிருந்து வந்த இமேஜில் சில ஃபைல்கள் மட்டும் திறக்காமல் முரண்டு பிடித்தால், அந்த வால்யூமில் டேட்டா டீடூப்ளிகேஷன் (ஒரே மாதிரித் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி) இருந்ததா என்று கேளுங்கள். அந்த வசதி நிறுவப்பட்ட இன்னொரு சர்வரில் திறந்தால்தான் படிக்க முடியும்.

வேர்டு ஃபைல் திறக்கிறது, உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடக்கிறதா? ஃபைல் கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதையும் இதே இமேஜிலிருந்து எடுக்கலாம். ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’. எக்ஸ்ப்ளோரர் இந்த ஃபோல்டரைத் தனி முறையில் காட்டுவதால் ரோபோகாப்பியால் வெளியே எடுத்துவிட்டுப் பிறகு பார்ப்பது நல்லது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்குப் பின் தனிப் பயனருக்கு மட்டும் என்று நிறுவியவை யூசர் ஃபோல்டரில் ‘ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்’ என்ற வழியில் இருக்கும். எழுத்துருவை நிறுவியதும் கடிதம் தமிழில் நிற்கும்.

தேடிய ஃபைல் இமேஜில் இல்லை

டி டிரைவில் வைத்திருந்தீர்களா? சிஸ்டம் இமேஜ் இயல்பாக எடுப்பது விண்டோஸ் ஓடத் தேவையான பார்ட்டிஷன்களை மட்டும். டியை நீங்களே டிக் செய்திருந்தால்தான் அதற்கு ஒரு விஎச்டிஎக்ஸ் இருக்கும். இல்லாததை எந்தக் கருவியும் எடுத்துத் தராது.

சியில்தான் இருந்தது என்றால் இருக்கக்கூடிய இடங்கள் சில. டேலிபிரைம் பொதுவாக ‘யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா’ வழியில் வைக்கும்; பழைய இஆர்பி 9 என்றால் நிறுவிய ஃபோல்டருக்குள் ‘டேட்டா’வில் தேடவும். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் பெயரில் ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். உள்ளே ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கினால் கம்பெனி திறக்காது. அவுட்லுக்கின் மெயில் ஃபைலான பிஎஸ்டி ‘டாக்குமென்ட்ஸ்’ உள்ளே ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். ஓஎஸ்டியைத் தேட வேண்டாம். அது சர்வரில் இருக்கும் மெயிலின் உள்ளூர்ப் பிரதி, வேறு ப்ரொஃபைலில் திறக்காது. மெயில் கணக்கைப் புதுக் கணினியில் சேர்த்தால் தானே இறங்கிவிடும். தண்டர்பேர்டுக்கு ‘ஆப்டேட்டா, ரோமிங்’ உள்ளே ‘தண்டர்பேர்டு, ப்ரொஃபைல்ஸ்’. குரோமின் புக்மார்க்குகள் ‘ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட்’ உள்ளே ‘புக்மார்க்ஸ்’ என்ற ஒரே ஃபைல், அதை அப்படியே எடுக்கலாம். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. அந்த ஃபைலைக் காப்பி செய்து பயனில்லை. ஸ்டிக்கி நோட்ஸில் எழுதியவை ‘ப்ளம்’ என்ற எஸ்க்யூலைட் ஃபைலில் இருக்கும். ‘ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ்’ உள்ளே ஸ்டிக்கிநோட்ஸ் பெயர் கொண்ட ஃபோல்டரில் ‘லோக்கல்ஸ்டேட்’டில் தேடவும். பக்கத்தில் அதே பெயரில் ‘டபிள்யூஏஎல்’ என்று முடியும் ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாக எழுதிய குறிப்புகள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும்.

கடைசி பேக்கப் மட்டும் தெரிகிறது, போன மாதத்தது வேண்டும்

மாதாமாதம் பேக்கப் எடுத்தும் ஒரே ஒரு தேதி ஃபோல்டர்தான் இருக்கிறது என்று பதற வேண்டாம். உள்ளூர் டிஸ்கில் எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் அதே விஎச்டிஎக்ஸைத்தான் விண்டோஸ் புதுப்பிக்கிறது. பழைய நிலைகள் அந்த பேக்கப் டிஸ்கின் ஷேடோ காப்பிகளில் (டிஸ்கின் முந்தைய நிலைகளை விண்டோஸ் சேமித்துவைக்கும் பிரதிகள்) இருக்கும். டபிள்யூபிஅட்மின் கட்டளையில் ‘கெட் வெர்ஷன்ஸ்’ கொடுத்து, ‘-பேக்கப்டார்கெட்:’ என்பதற்குப் பின் டிரைவ் எழுத்தைச் சேர்த்தால் எத்தனை நிலைகள் உள்ளன என்று பட்டியல் வரும். ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்’ ஒவ்வொன்றின் தேதியையும் முழுப் பெயரையும் காட்டும். வேண்டியதன் பெயரை எடுத்துக்கொண்டு, ‘எம்கேலிங்க் /டி’ மூலம் சி டிரைவில் ஒரு சுட்டி போடவும். பெயரின் கடைசியில் ஒரு பின்சாய்கோடு கட்டாயம் சேர்க்க வேண்டும். அதை விட்டால் சுட்டி உருவாகும், திறக்காது. திறந்ததும் உள்ளே அன்றைய விண்டோஸ்இமேஜ்பேக்கப் இருக்கும். அந்த விஎச்டிஎக்ஸை வேறு டிரைவுக்குக் காப்பி செய்து, பிரதியை மவுண்ட் செய்யவும்.

விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு நகர்த்தியிருந்தால் ஷேடோ காப்பிகள் கூட வந்திருக்காது. கடைசி நிலை மட்டும்தான். நெட்வொர்க் ஃபோல்டரில் எடுத்த இமேஜுக்கும் பழைய நிலை கிடையாது, புதியது பழையதன்மேல் எழுதப்பட்டிருக்கும்.

இமேஜ் வேறு மென்பொருளில் எடுத்தது

எம்ஆர்ஐஎம்ஜி என்றால் மேக்ரியம் ரிஃப்ளெக்ட், டிஐபி அல்லது டிஐபிஎக்ஸ் என்றால் அக்ரோனிஸ், விபிகே என்றால் வீம். அந்தந்த மென்பொருள்தான் திறக்கும். மேக்ரியத்தில் ‘பிரவுஸ் இமேஜ்’ கொடுக்கும்போது, கட்டுப்படுத்திய ஃபோல்டர்களையும் திறக்க அனுமதிக்கும் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் மேலே சொன்ன அனுமதிச் சிக்கல் எழாது. எழுத அனுமதிக்கும் டிக்கைப் போட வேண்டாம். இன்கிரிமென்டல் பேக்கப் என்றால் முதல் முழு இமேஜும் நடுவில் உள்ள ஒவ்வொன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று நடுவில் ஒன்றை அழித்திருந்தால் அதற்குப் பிந்தையவை அத்தனையும் பயனற்றவை.

குளோன்ஜில்லா கொஞ்சம் சங்கடம். அது பார்ட்டிஷனைச் சுருக்கித் துண்டு துண்டாக எழுதுவதால் நேரடியாக மவுண்ட் செய்ய வழியில்லை. துண்டுகளைச் சேர்த்து, சுருக்கத்தைப் பிரித்து, பார்ட்குளோன் மூலம் ஒரு முழு இமேஜ் ஃபைலாக மாற்றிய பிறகே திறக்கலாம். 500 ஜிபி பார்ட்டிஷனில் 60 ஜிபிதான் நிறைந்திருந்தது என்றாலும் 500 ஜிபி காலி இடத்துக்குத் தயாராக இருப்பது நல்லது.

லினக்ஸில் டிடி இமேஜை மவுண்ட் செய்யும்போது ‘ஃபைல் சிஸ்டம் வகை தவறு’ என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் முழு டிஸ்கின் இமேஜை ஒரு பார்ட்டிஷன் என்று நினைத்துத் திறக்கிறீர்கள். எஃப்டிஸ்க் ‘-எல்’ கொடுத்துத் தொடக்க செக்டரைப் பார்த்து 512-ஆல் பெருக்கவும். 2048 என்றால் 10,48,576, அதுதான் ஆஃப்செட். ‘லோசெட்டப்’ கட்டளையில் பெரிய பி சுவிட்சும் (பார்ட்டிஷன் என்பதன் முதல் எழுத்து) சின்ன ஆர் சுவிட்சும் போட்டால், இந்தக் கணக்கே இல்லாமல் எல்லாப் பார்ட்டிஷன்களையும் ரீட்-ஒன்லியாகக் காட்டும். ‘விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை’ என்று மறுத்தால், அது விரைவாகத் தொடங்க விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை. ‘ஆர்ஓ’ சேர்த்து மவுண்ட் செய்தால் திறக்கும்.

காப்பி பாதியில் நிற்கிறது, டிஸ்க் ‘டக் டக்’ என்கிறது

‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்ற பிழை வந்தால் சிக்கல் இமேஜில் இல்லை, அதைத் தாங்கும் டிஸ்கில். முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றி, முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் வந்தால் மவுண்ட் செய்வதை உடனே நிறுத்தவும். மறுபடி மறுபடி முயல்வது சாகும் டிஸ்கை விரைவில் சாகடிக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்கு எடுக்கவும், மேப் ஃபைல் கொடுக்க மறக்காமல். அது இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பின் அந்தப் பிரதியில் வேலை. விஎச்டிஎக்ஸுக்குள் சில செக்டர்கள் போயிருந்தாலும் உங்கள் ஃபைல் அந்த இடத்தில் இல்லையென்றால் முழுதாகக் கிடைக்கும்.

வேலை முடிந்தது, அடுத்த பேக்கப் எடுக்க மறுக்கிறது

இமேஜ் இன்னும் திறந்தே இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில், பார்ட்டிஷன் கட்டத்தில் இல்லாமல் இடப்பக்கம் ‘டிஸ்க் 2’ என்று எழுதியிருக்கும் பகுதியில் ரைட் கிளிக் செய்தால்தான் ‘டிடாச் விஎச்டி’ வரும். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், அந்த டிரைவில் நிற்கும் கமாண்ட் பிராம்ப்டையும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களையும் மூடிவிட்டு மறுபடி முயலவும். அப்படியும் பிடிவாதமாக இருந்தால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போதும். கையால் மவுண்ட் செய்த இமேஜ் ரீஸ்டார்ட்டுக்குப் பின் தானாகத் திரும்ப வராது.